அஸ்கா போச்சு, வெல்லம் வந்தது, அரிப்பு போகவில்லை

"சக்கரைய உட்டு ஆறு மாசம் ஆவுதுக்கா. டீக்குக்கூட வெல்லந்தான் தட்டிப் போட்டுக்கினு இருக்கேன். அப்பவும் நிக்கல."

காவேரிப்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறி ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் ஒரு பெண் என்னிடம் சொன்னது இது. வயது நாற்பதை ஒட்டியிருக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போட்டால் பத்துப் பதினைந்து நாள் நிம்மதி. பிறகு தயிர் திரிந்தாற்போல வெள்ளைப்படுதலும் அரிப்பும் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். வருஷத்துக்கு நாலைந்து தடவை இதே கதை. ஈஸ்ட்டுக்கு வெள்ளைச் சர்க்கரைதான் தீனி என்று கைப்பேசி வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டு, அன்று மாலையே சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். அந்த இடத்தில் நாட்டுச் சர்க்கரையும் உருண்டை வெல்லமும் வந்தன. கேட்டது பாதி உண்மை, கடைப்பிடித்ததோ முழு மனதோடு. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்று. ஈஸ்ட் என்று நாம் இங்கே பேசுவது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சையை. வாயிலும் குடலிலும் பெண்ணுறுப்பிலும், எந்தத் தொல்லையும் இல்லாத பலரிடமும் அது குடியிருக்கிறது. இருப்பது நோயல்ல, அளவு மீறிப் பெருகுவதுதான் நோய். ஆகவே ஈஸ்ட்டை உடம்பைவிட்டு அடியோடு ஓட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடி, கஷாயம், பவுடர் எதற்கும் காசைக் கரைக்காதீர்கள்.

கலயமும் சுண்ணாம்பும்

பனைமரத்தடியில் நின்று பார்த்தவர்களுக்கு ஈஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று நான் பாடம் நடத்தத் தேவையில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைப் பூசிக் கட்டினால் விடியற்காலை இறங்குவது பதநீர். பூசாமல் கட்டினால் கள். மரமும் அதேதான், பாளையும் அதேதான், சாறும் அதேதான். பாளையிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சாற்றின் இனிப்பைத் தின்று நுரைக்க வைக்கிறது. சுண்ணாம்பின் காரம் அதன் கையைக் கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். கள்ளில் வேலை செய்யும் ஈஸ்ட் வேறு வகை, நம் உடம்பில் தொல்லை கொடுக்கும் கேண்டிடா வேறு வகை. இருந்தாலும் இரண்டும் ஒரே குலம். இனிப்பைக் கண்டால் விடாத குணமும் ஒன்றே.

இது பனையிலிருந்து வந்த சர்க்கரை, உடம்புக்கு நல்லது, ரசாயனம் போடாதது என்று அந்த ஈஸ்ட் ஒதுங்கி நிற்பதில்லை. பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. அதையே பாகாக்கி உறைய வைத்தால் பனங்கற்கண்டு. இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ரேஷன் கடைச் சர்க்கரையில் இருப்பதும் அதே சுக்ரோஸ்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை இன்றும் அஸ்கா என்பார்கள். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அஸ்கா என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த ஊர். 19ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்த ஆலையின் சரக்கு இந்தப் பக்கமெல்லாம் வந்தபோது ஊர்ப்பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. அஸ்கா சீமைச் சரக்கு, வெல்லம் நம் சரக்கு என்ற எண்ணமும் கூடவே தங்கிவிட்டது. வேலூர் வெல்ல மண்டிக்கு வரும் உருண்டைகள் நம் வட்டாரத்துக் கரும்பில் காய்ச்சியவை என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் கணக்கு வேறு. நூறு கிராம் வெல்லத்தில் 65 முதல் 85 கிராம் வரை சுக்ரோஸ், அதன்மேல் 10 முதல் 15 கிராம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். மிச்சம் ஈரமும் கொஞ்சம் தாதுவும். நாட்டுச் சர்க்கரை என்பது இதே வெல்லத்தின் தூள். தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை, மீதி பெரும்பாலும் தண்ணீர்.

வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஒரு நாள் தேவையை வெல்லத்திலேயே எடுக்கப் பார்த்தால் இரும்போடு எத்தனை கரண்டி சர்க்கரை உள்ளே போகும் என்று யோசியுங்கள். முருங்கைக்கீரை இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது. இன்னொரு விஷயம், மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தைத் தேடி வாங்காதீர்கள். அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. கருத்த வெல்லமே மேல். ஆனால் அது பூஞ்சைக்காகச் சொல்வதல்ல, பொதுவாகச் சொல்வது.

பூஞ்சையிடம் இனிப்பு போகும் வழி

இங்கேதான் அந்த வீடியோக்காரர் தவறினார். வாயில் போட்ட இனிப்பு நேராகக் கீழே போய்ப் பூஞ்சைக்குச் சோறாகிவிடுவதில்லை.

வாயில் மட்டும் அது நேரடி உறவு. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைப் படலம் படிந்து, சுரண்டினால் சிவந்து எரியும் வாய்ப்பூஞ்சை, இனிப்பு நீண்ட நேரம் வாயில் ஊறுகிறவர்களுக்கு எளிதில் வரும். பல்செட் போட்ட தாத்தா பாட்டிகள், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், வாய் உலரும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரே முதல் வரிசை. இவர்கள் இரவில் கற்கண்டை ஒதுக்கிவைத்துக்கொண்டு தூங்குவது, இருமல் டானிக்கைக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுப்பது, இந்த இரண்டையும் நிறுத்தினாலே பாதி வேலை முடியும். இன்ஹேலர் இழுத்ததும் கொப்பளித்துத் துப்புங்கள். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

குடல் வேறு கதை. நாம் சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. 1999இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான 28 பேருக்கு இனிப்பை அதிகம் கொடுத்துப் பார்த்தார்கள். வாயிலும் மலத்திலும் கேண்டிடா குறிப்பிடும்படி கூடவில்லை. ஏற்கெனவே வாயில் அது மிகுந்திருந்த சிலருக்கு மட்டுமே மலத்தில் ஏறியது. களைப்பு, தலைவலி, வயிற்று உப்புசம், மறதி, மனச்சோர்வு என எல்லாவற்றுக்கும் குடல் ஈஸ்ட்டே காரணம் என்ற பேச்சு 1983இல் அமெரிக்காவில் வில்லியம் குரூக் என்ற மருத்துவர் எழுதிய 'தி ஈஸ்ட் கனெக்‌ஷன்' நூலோடு பரவியது. சர்க்கரை, பழம், ரொட்டி எல்லாவற்றையும் விலக்கச் சொல்லும் கடும் பத்தியமும் அங்கிருந்து கிளம்பியதுதான். 1990இல் அலபாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் 42 பெண்களை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்தார்கள். பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டினை ஒரு கட்டத்திலும் வெற்று மாத்திரையை இன்னொரு கட்டத்திலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், பெண்ணுறுப்பு அரிப்பு மருந்துக்குக் குறைந்தது. களைப்பும் சோர்வும் வெற்று மாத்திரைக்கும் அதே அளவு குறைந்தன. உங்கள் களைப்புக்கு ரத்தசோகையோ தைராய்டோ தூக்கமின்மையோ காரணமாக இருக்கலாம். ஈஸ்ட்டின்மேல் பழியைப் போட்டுவிட்டு அவற்றைப் பார்க்காமல் விடுவது ஆபத்து.

இப்போது கீழே வருவோம். பெண்ணுறுப்பு, ஆணுறுப்பின் முன்தோல், தொடை இடுக்கு, மார்புக்கு அடி. இங்கெல்லாம் இனிப்பு போவது ரத்தத்தின் வழியாக. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உடம்பின் ஈரத்திலும் ஏறுகிறது. ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் கொட்டுகிறது. சிறுநீர் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு பூசாத கலயம்தான்.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 196. தனக்குச் சுகர் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். 126க்கு மேல் இருந்தாலே நீரிழிவு என்று சந்தேகித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆறு மாதம் வெல்ல டீ குடித்துக்கொண்டிருந்தவரின் அரிப்பு ஏன் நிற்கவில்லை என்று இனி விளக்கத் தேவையில்லை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேர். அதாவது ஏழு பேரில் ஒருவர். கம்பெனி பஸ்ஸில் ஒரு பக்கத்து சீட்டுகளை மட்டும் எண்ணினாலே இரண்டு பேர் தேறுவார்கள்.

ஆகவே என் முறை இதுதான். அரிப்பு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வருகிறதென்றால், சமையலறை டப்பாவைத் தொடும் முன் ரத்தத்தைப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சியும் எடுங்கள். நீரிழிவு இல்லையென்று வந்தால் சர்க்கரையைக் குறைப்பதால் அரிப்புக்குக் கிடைக்கும் பலன் சிறியது. இருக்கிறதென்று வந்தால் பலன் பெரியது. ஒரே பத்தியம் இருவருக்கும் ஒரே பலனைத் தராது.

சுகர் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து. பக்கவிளைவாக அந்த இடத்தில் பூஞ்சை வரலாம், ஆண்களுக்கும் வரும். மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களில் அரிப்பு ஆரம்பித்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்துவிட்டு மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர் கழித்த ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து உலர வைப்பதே பலருக்குப் போதுமாக இருக்கிறது.

டீக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது: உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றிலிருந்து வரும் இனிப்பு ஒரு நாள் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது. இருபதில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 25 கிராம், ஆறு டீஸ்பூன்.

இந்த ஊர் நாளை எடுத்துக்கொள்வோம். விடிகாலை வீட்டில் ஒரு டீ. பத்து மணிக்குக் கம்பெனியில் ஒரு டீ. நாலு மணிக்கு ஒன்று. இறங்கியதும் பஸ் நிறுத்தத்தில் ஒன்று. டீக்கடைக்காரர் ஸ்பூனைத் தட்டிச் சமன் செய்து போடுவதில்லை. கூம்பாக அள்ளி இரண்டு போடுவார். சமமான ஒரு ஸ்பூன் 4 கிராம், கூம்பாக அள்ளினால் ஆறைத் தொடும். நாலு டீயில் நாற்பது கிராமுக்கு மேல் போய்விடுகிறது. இதில் டீயோடு தின்ற பிஸ்கட் சேரவில்லை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பின்னால் குடிக்கும் கலர் சோடா சேரவில்லை. அந்த 300 மில்லி பாட்டிலில் மட்டும் சுமார் 30 கிராம் இருக்கும்.

ஆக நம்மூரில் சர்க்கரையைக் குறைப்பது என்றால் டீயில் குறைப்பதுதான். லட்டு, ஜாங்கிரியெல்லாம் பிறகு. ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் நடக்காது, என்னாலேயே முடிந்ததில்லை. இரண்டு ஸ்பூன் போடுகிறவர் ஒரு வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று, அதன்பின் அரை என்று வரட்டும். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு இறங்கிவிடும். பழையபடி போட்ட டீயைக் குடித்தால் பாயசம் போலத் தோன்றும். கடையில் "சக்கரை கம்மி" என்றால் ஆளுக்கொரு கணக்கில் போடுவார்கள். "சக்கரை இல்லாம, தனியா" என்று கேட்டு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப்போட்ட டீக்கு இனிப்புக் குறைவது அவ்வளவு தெரியாது.

பொங்கல் தொகுப்பில் வந்த கரும்பைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு கணு கடித்துத் தின்பதில் வாய் வலிக்கும், தானாக நிற்கும். அதையே சாறாகப் பிழிந்தால் ஒரு கிளாசில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை, குடிக்க ஒரு நிமிடம். வழக்கமான கிளாஸைத் தவிர்த்துவிட்டுக் கணுவைக் கடியுங்கள். ஆற்காடு மக்கன்பேடாவுக்கு நான் தடை போட மாட்டேன். கோவாவில் பிடித்து, நெய்யில் பொரித்து, பாகில் ஊறிய பண்டம் அது, எந்தக் கணக்கிலும் நல்லதாக வராது. ஆனால் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒன்று தின்பவருக்கு அதனால் அரிப்பு வருவதில்லை. ரத்தச் சர்க்கரை ஏறியவர் தினம் நாலு இனிப்பு டீ குடித்தால் வரலாம்.

பொட்டலத்து இனிப்பு

செயற்கை இனிப்பு எதுவும் கேண்டிடாவுக்குச் சோறாவதில்லை. ரத்தச் சர்க்கரையையும் ஏற்றுவதில்லை. அந்த அளவில் அவை உதவும். ஆனால் பொட்டலத்தில் இருப்பது அது மட்டுமல்ல. சுக்ரலோஸ் சர்க்கரையைப்போல 600 மடங்கு தித்திக்கும். ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு ஈடாகக் கடுகளவுகூட வேண்டாம். கடுகளவை எப்படி விற்பது? மால்ட்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், லாக்டோஸ் என்று ஏதாவதொரு மாவைச் சேர்த்துப் பருமனாக்குகிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸின் இன்னொரு பெயர். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸாக உடைய நேரம் ஆகாது. ஒரு சிறு பொட்டலத்தில் ஒரு கிராம், அது பொருட்டில்லை. டப்பாவில் வாங்கி ஸ்பூன் ஸ்பூனாகப் பாயசத்தில் கொட்டினால் பொருட்டு. அதனால் மாத்திரை வடிவிலோ சொட்டு வடிவிலோ வாங்குவதே நல்லது.

சீனித்துளசி என்கிற ஸ்டீவியாவை 2015இல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. சூடு தாங்கும், கடைசியில் லேசான கசப்பு நாக்கில் நிற்கும். பூந்தொட்டியில் வளர்த்து இலையைக் கிள்ளிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆணையம் அனுமதித்தது இலையைச் சுத்திகரித்த சாரத்தைத்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அஸ்பார்ட்டேம் கொதிக்கும்போது போட்டால் இனிப்பு போய்விடும், இறக்கிய பிறகு போட வேண்டும். புற்றுநோய் வருமா என்று 2023க்குப் பின் கேட்கிறார்கள். அந்த ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் நிபுணர்கள் அதை 'ஒருவேளை இருக்கலாம்' என்ற வரிசையில் சேர்த்தார்கள். அதே நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினசரி எல்லை என்ற பழைய அளவு மாறவில்லை என்றும் சொன்னார்கள். டீக்கு ஒரு மாத்திரை போடுகிறவர் அந்த எல்லையின் வாசலைக்கூடத் தொடுவதில்லை. சாக்கரின் பழசு, மலிவு. சுக்ரலோஸை டீ, காப்பி, பாயசம் எதிலும் போடலாம், அடுப்பில் வறட்டுச் சூட்டில் வெகுநேரம் வேக வைக்கும் பலகாரத்துக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் எதைப் பயன்படுத்துவதற்கு முன்னும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், சாக்கரினை அறவே விடுங்கள்.

சைலிட்டால், எரித்ரிட்டால், சார்பிட்டால் எல்லாம் வேறு கூட்டம். சைலிட்டால் கேண்டிடா ஒட்டுவதைச் சோதனைக் குழாயில் குறைக்கிறது என்பதால் மெல்லும் மிட்டாயாக விற்கிறார்கள். பல்செட் போட்ட பெரியவர்களுக்கு இனிப்பு மிட்டாய்க்குப் பதில் அது மேல். ஆனால் குடல் பூஞ்சை ஒழியும் என்று எண்ண வேண்டாம். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாமல் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு விஷம். எரித்ரிட்டாலின் ரத்த அளவுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்துக்கும் தொடர்பு தெரிவதாக 2023இல் ஒரு ஆய்வு வந்தது. அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் கரண்டி கரண்டியாக அள்ளிப் போடும் பொருளாக அதை நான் பரிந்துரைப்பதில்லை. சார்பிட்டால் அதிகமானால் வயிறு போகும். 'டயபடிக் ஸ்வீட்' என்று கடையில் வைத்திருப்பதில் பல சமயம் இதுதான் இருக்கும், கூடவே மைதாவும் நெய்யும் குறைவில்லாமல் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் உடல் எடை குறைக்க இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களைப் பற்றி அந்த அறிவுரை பேசவில்லை. என் கருத்து, இதை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு டீயில் இரண்டை மாத்திரையோடு, இரண்டைச் சர்க்கரையே இல்லாமல் என்று ஆரம்பித்து, மாத்திரையையும் கழற்றப் பாருங்கள். நாக்கின் ஆசை அப்படியே இருந்தால் அது ஒருநாள் மறுபடி சர்க்கரை டப்பாவைத் தேடிப் போகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கிறவருக்கு வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு 'லோ சுகர்' ஆனால், இந்தப் பொட்டலங்கள் எதற்கும் உதவாது. அப்போது உண்மையான சர்க்கரையோ குளுக்கோஸோ மூன்று நாலு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கம்பெனிப் பையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

விட வேண்டாதவை

இட்லி மாவு புளிக்கிறது, அதில் ஈஸ்ட் இருக்கிறது, ஆகவே இட்லியை விட்டேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மாவில் இருக்கும் ஈஸ்ட் இட்லிப் பானையின் ஆவியில் இறந்துவிடும். ரொட்டிக்கும் அப்படியே. மோர், பழையசோறு, ஊறுகாய் எதையும் பூஞ்சைக்காக விலக்க வேண்டாம். உப்புக்காக ஊறுகாயைக் குறைப்பது வேறு விஷயம்.

பழத்தை நிறுத்தச் சொல்வதும் அந்த அமெரிக்கப் பத்தியத்தின் மிச்சம். கொய்யா, பப்பாளி, நாவல், ஒரு ஆரஞ்சு எல்லாம் நார்ச்சத்தோடு வருகிறது. சாறாக்காமல் கடித்துத் தின்றால் போதும். இளநீர் ஒன்றில் சுமார் பத்து கிராம் சர்க்கரை இருக்கும், அந்த வேளை டீயை விட்டுவிடுங்கள். சாதம்தான் யோசிக்க வேண்டியது. மாவுச்சத்து வயிற்றுக்குப் போனால் குளுக்கோஸ்தான். டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு மத்தியானம் தட்டு நிறையச் சோறும் ஒரு கரண்டி சாம்பாரும் என்றால் ரத்தச் சர்க்கரை இறங்காது. சோற்றில் கால்வாசியைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் முட்டையும் வரட்டும். காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த ஊரில் சோற்றைக் குறை என்பது எளிதல்ல என்று எனக்கும் தெரியும். கேழ்வரகுக் களியோ கூழோ ஒருவேளை இருந்தால் அளவாக இருக்கட்டும். களியும் மாவுதான்.

தட்டில் இல்லாத காரணங்கள்

தோல் ஷாப்பில் டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவே நாள் முழுக்க ஈரக் கையோடு நிற்பவர்களுக்கு நகச்சுற்று வீங்குவதில் பெரும்பாலும் இதே கேண்டிடாவுக்குப் பங்கு உண்டு. பூட்ஸுக்குள் ஈரம் ஊறி விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் பெரும்பாலும் வேறு பூஞ்சை. இவர்கள் சர்க்கரையை எவ்வளவு குறைத்தாலும் கையும் காலும் உலராத வரை குணமாகாது. ரப்பர் கையுறைக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மாற்றி அணிய இரண்டாவது ஜோடி பூட்ஸ், வீடு வந்ததும் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துதல், இவைதான் மருந்து. ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இறுக்கமான சிந்தெடிக் உள்ளாடையைப் பருத்திக்கு மாற்றுங்கள். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். பெண்ணுறுப்பின் உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் விட வேண்டாம்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக், பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். அரிப்புக்கு மருந்துக் கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் இதமாக இருந்து மூன்றாம் வாரம் பெரிதாக்கும். வட்டமாக, விளிம்பு சிவந்து பரவும் படர்தாமரை ஈஸ்ட்டே அல்ல, வேறு பூஞ்சை. அதற்குச் சர்க்கரைப் பத்தியம் இருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

காரணமே தெரியாமல் வாயில் வெள்ளைப் படலம் திரும்பத் திரும்ப வந்து, எடையும் குறைந்தால், எச்ஐவி பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்தியாவில் அந்தக் கிருமியை முதன்முதலில் கண்டுபிடித்ததே நம் வேலூரில்தான். 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, சிஎம்சி ஆய்வகத்தில் பார்க்கப்பட்டன. இன்று அதற்கு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் கடை மாத்திரையை நாடாமல் மருத்துவரிடம் போங்கள்.

2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார். நம் தெருவுக்கு அவர் வரும்போது பெரும்பாலும் கம்பெனிக்குப் போயிருப்போம். வீட்டில் இருக்கும் மாமியாருக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். வாரத்தில் உங்களுக்கு விடுமுறை எந்த நாள் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். அன்று வந்தால் டீ குடிப்பதற்கு முன்னால் விரலை நீட்டுங்கள்.